கமகம் தேடும் கிட்டார்

ராயப்பேட்டையின் ஒரு விளிம்பு அண்ணா சாலை. 1842-இல் மிஸ்க்வித் நிறுவனமாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல் அங்கே இருக்கிறது. பியானோவும் வயலினும் கிட்டாரும் விற்கும் கடை அது. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்குச் சென்னைப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தயார்செய்த இடமும் அதுவே. மற்றொரு விளிம்பு டி.டி.கே. சாலை. அங்கே, 1928-இல் தோன்றிய மியூசிக் அகாடமி. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் தெற்கே போனால் மயிலாப்பூர் லஸ் வந்துவிடும். அந்தப் பகுதியில் ஒரு விடுதி அறையில் தங்கி, தன்ராஜ் மாஸ்டர் மேல்நாட்டு இசை சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற இளைஞர்களில் ஒருவர் இளையராஜா. நடந்தே போய்வரக்கூடிய இந்த மூன்று இடங்களுக்கு நடுவில் ஒரு கேள்வி வெகுகாலமாக நிற்கிறது. கிட்டார் நம் இசைக்கு உரிய வாத்தியமாக முடியுமா?

கேள்வி எழுவதற்குக் காரணம் எளியது. கிட்டாரின் கழுத்தில் உலோக மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. தந்தியை அழுத்தினால் ஸ்வரம் அந்த மெட்டுக்குரிய இடத்தில் நிற்கும். கர்நாடக இசையிலோ ஸ்வரம் நிற்பதில்லை. தோடியின் காந்தாரமும் பைரவியின் நிஷாதமும் அசைவதால்தான் தோடியும் பைரவியும் ஆகின்றன. அந்த அசைவே கமகம். நிறுத்தும் வாத்தியமும் அசைக்கும் இசையும் எப்படிச் சேரும் என்பதற்குக் கடந்த நூறாண்டுகளில் பலர் பல விடைகள் தந்திருக்கிறார்கள். அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம் என்பது என் நம்பிக்கை: வாசிப்பில் கிட்டார் நம்முடையதாகிவிட்டது, வடிவத்தில் இன்னும் ஆகவில்லை.

நான்கு ஜோடியிலிருந்து ஆறு தந்தி வரை

இன்று நாம் பார்க்கும் கிட்டார் ஒரே நாளில் உருவான பொருள் அல்ல. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் செல்வந்தர் வீடுகளில் விஹுவேலா ஒலித்தது. அதற்கு ஆறு ஜோடித் தந்திகள். லூயிஸ் மிலான் 1536-இல் வலென்சியாவில் அதற்கான இசைநூல் ஒன்றை அச்சிட்டார். அதன் சிறிய உறவாக, நான்கு ஜோடித் தந்திகளுடன் அன்றைய கிட்டார் இருந்தது. அலோன்சோ முதார்ரா 1546-இல் வெளியிட்ட நூலில் அந்தக் கிட்டாருக்கான உருப்படிகள் இடம்பெற்றன. பின்னர் ஐந்தாவது ஜோடி சேர்ந்தது. காஸ்பர் சான்ஸ் 1674-இல் ஸரகோஸாவில் வெளியிட்ட பயிற்சிநூல் அந்த ஐந்து ஜோடிக் கிட்டாருக்கானது. வயலினால் புகழ்பெற்ற ஸ்ட்ராடிவாரியும் கிட்டார் செய்திருக்கிறார். 1679-இல் அவர் செய்த ஒன்று இன்றும் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோடிகள் போய் ஆறு ஒற்றைத் தந்திகள் வந்தன. ஆனால் உடல் சிறியது, ஒலியும் மெல்லியது. இதை மாற்றியவர் அல்மேரியாவைச் சேர்ந்த தச்சர் அந்தோனியோ டி டோரஸ் (1817–1892). உடலைப் பெரிதாக்கினார், தந்தியின் அதிரும் நீளத்தை 65 சென்டிமீட்டர் அளவில் நிலைப்படுத்தினார், மேல்பலகையை மெல்லியதாக இழைத்து, அதன் அடியில் விசிறி விரிப்பில் மரச்சட்டங்களை ஒட்டினார். கிட்டாரின் குரல் மேல்பலகையில்தான் இருக்கிறது என்பது அவர் கொள்கை. அதை நிறுவ 1862-இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழால் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். இன்று கிளாசிக்கல் கிட்டார் என்று கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் டோரஸின் அளவுகளைத்தான்.

அந்த வாத்தியத்துக்குக் கச்சேரி மேடை அமைத்துக் கொடுத்தவர்கள் பிரான்சிஸ்கோ தார்ரேகாவும் அவருக்குப் பின் வந்த ஆந்த்ரேஸ் செகோவியாவும். இரண்டாம் உலகப் போர்வரை அதில் குடல்தந்தியே கட்டினார்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டையொட்டி 1940-களில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்தியை உருவாக்க, செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். கடற்காற்றும் வியர்வையும் உள்ள சென்னையில் தொடக்கநிலை மாணவர் கையில் நைலான் கிட்டாரைக் கொடுப்பதில் நியாயம் உண்டு. விரல் நோகாது, தந்தியும் துருப்பிடிக்காது.

எஃகும் மின்சாரமும்

ஜெர்மனியிலிருந்து 1833-இல் நியூயார்க் போய்ச்சேர்ந்த சி.எஃப். மார்ட்டின், சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரெத்தில் பட்டறை போட்டார். மேல்பலகையின் அடியில் சட்டங்களைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காக வைக்கும் முறை அவர் பட்டறையில் வளர்ந்தது. எஃகுத் தந்தியின் இழுவிசையைத் தாங்க அந்த அமைப்பே பின்னாளில் உதவியது. பாட்டுக்குத் துணையாகப் பெருத்த ஒலி வேண்டும் என்ற தேவையால் 1916-இல் அகன்ற உடலுடன் ஒரு வடிவம் பிறந்தது; அன்றைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரால் அதை ட்ரெட்நாட் என்றார்கள். தேவாலய இளைஞர் கூட்டத்திலும் கல்லூரி விழாவிலும் நம் பிள்ளைகள் தோளில் மாட்டியிருக்கும் அக்கூஸ்டிக் கிட்டார்களில் பெரும்பான்மை இந்த வம்சம்.

ஓர்வில் கிப்சனின் பெயரால் 1902-இல் மிச்சிகனில் அமைந்த கிப்சன் நிறுவனம் வேறு வழியில் போயிற்று. வயலினைப்போல மேல்பலகையைக் குவித்துச் செதுக்கினார்கள். 1922-இல் வந்த எல்-5 மாதிரியில் வட்டத் துளைக்குப் பதிலாக வயலினின் வளைதுளைகள் இருந்தன. ஜாஸ் குழுவில் பித்தளைக் குழல்களுக்கு நடுவே தாளம் கேட்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதே நோக்கத்தில் 1927-இல் உடலுக்குள் உலோகக் கிண்ணங்களை வைத்த ரெசொனேட்டர் கிட்டார் வந்தது.

ஒலிப்போட்டிக்கு முடிவு கட்டியது மின்சாரம். 1931–32-இல் ஜார்ஜ் பீச்சாமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் காந்தச் சுருளை எஃகுத் தந்திக்கு அடியில் வைத்து, அதிர்வை மின்னாக்கினார்கள். அதன் பிறகு உடலுக்குள் வெற்றிடம் தேவையில்லாமல் போயிற்று. லியோ ஃபெண்டர் 1950-இல் கெட்டிப்பலகைக் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார், 1951-இல் பேஸ் கிட்டார், 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். கிப்சனின் லெஸ் பால் 1952-இல் வந்தது. இன்று அண்ணா சாலைக் கடையில் தொங்கும் மின் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த நான்கு ஆண்டுகளில் தீர்மானமான வடிவங்களின் வழித்தோன்றல்கள்.

ஒவ்வொரு வகையும் ஓர் ஊர் தன் இசையின் தேவைக்காகப் பட்டறையில் எழுப்பிய கேள்விக்குப் பிறந்த பதில். ஸ்பெயின் கச்சேரி மண்டபத்துக்குச் செய்தது. அமெரிக்கா பாட்டுக்கும் நடனத்துக்கும் செய்தது. நம் ஊரின் கேள்வி கமகம்.

வழுக்கிச் செல்லும் வழி

அந்தக் கேள்விக்கு முதல் விடை தற்செயலாக ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. மாடு மேய்க்க வந்த மெக்சிகோக்காரர்கள் 1830-களில் அங்கே கிட்டாரைக் கொண்டுபோனார்கள். நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் கிட்டாரை மடியில் கிடத்தி, மெட்டில் அழுத்தாமல் தந்தியின்மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். அவருக்கும் முன்பே, இந்தியாவில் பிறந்து கப்பலேறி ஹவாய் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் இப்படி வாசித்ததாகப் பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. எது முதல் என்பது எப்படியாயினும், தந்திமேல் கட்டையை வழுக்கும் நுட்பம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டுவாத்தியத்தை மேடைக்குக் கொண்டுவந்தார்; பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் அதைக் கலாக்ஷேத்திரத்தில் கற்பித்தார்; சித்திரவீணை என்ற பெயரில் ரவிகிரண் அதை உலகெங்கும் எடுத்துச் சென்றார். மெட்டே இல்லாத அந்த வாத்தியத்தில் வாய்ப்பாட்டின் எல்லா வளைவுகளும் வரும்.

ஹவாய்க் கிட்டார் இந்தியாவில் வேர்விட்டது கல்கத்தாவில். 1940-களில் டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் அங்கே குடும்பத்தோடு தங்கி வாசித்தார், கற்பித்தார். பிரிஜ் பூஷண் காப்ரா அதே வாத்தியத்தில் ஆலாபனை செய்தார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் 1967-இல் பதிவுசெய்த 'கால் ஆஃப் தி வேலி' இந்துஸ்தானி இசைத்தட்டுகளில் பெரும்புகழ் பெற்ற ஒன்று. ஜெய்ப்பூரின் விஸ்வமோகன் பட் இன்னும் ஒரு படி போனார். கிட்டாரின் உடலில் அனுநாதத் தந்திகளும் சுருதித் தந்திகளும் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார். ரை கூடருடன் அவர் செய்த இசைத்தொகுப்புக்கு 1994-இல் கிராமி கிடைத்தது. கல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா தம் கைக்கேற்ற சதுரங்கி என்ற வாத்தியத்தையே வடிவமைத்துக்கொண்டார்.

வடக்கே இந்த வழி ஒரு மரபாகவே வளர்ந்துவிட்டது. தெற்கே வளரவில்லை. வழுக்கி வாசிக்கும் வேலையை நமக்குக் கோட்டுவாத்தியம் ஏற்கெனவே செய்துவிட்டது என்பதே காரணம் என்று கருதுகிறேன். ஆகவே தமிழ்நாட்டுக் கலைஞர்கள் கடினமான வழியை எடுத்தார்கள்: மெட்டை வைத்துக்கொண்டே கமகம்.

வீணையின் மெட்டும் கிட்டாரின் மெட்டும்

மெட்டு இருப்பதே தடை என்றால் வீணையில் கமகம் வந்திருக்க முடியாது. வீணைக்கு 24 மெட்டுகள். ஆனால் அவை பித்தளைச் சட்டங்களாக, கரி சேர்த்த மெழுகுத் திட்டின்மேல் உயர்ந்து நிற்கின்றன. தந்திக்குக் கீழே விரலைத் தடுக்கும் மரம் இல்லை. விரல் தந்தியை மெட்டின்மீதே பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டிலிருந்து மூன்று நான்கு ஸ்வரங்களைக் கொண்டுவர முடிகிறது. கிட்டாரின் மெட்டு தாழ்வானது. விரல் பலகையில் முட்டுகிறது. ஆறு தந்திகள் நெருங்கி இருப்பதால், ஒன்றை இழுத்தால் பக்கத்துத் தந்தி இடிக்கிறது. இழுவிசை அதிகம் என்பதால் இழுப்புக்கும் எல்லை உண்டு.

இன்னொரு வேறுபாடு கார்வையில், அதாவது ஒலி நீண்டு நிற்பதில். ஒரு மீட்டில் பல ஸ்வரங்களைச் சொல்வது நம் வாசிப்பு. மீட்டிய ஒலி விரைவில் அடங்கினால், இடக்கை செய்யும் நுட்பம் காதில் விழாது. அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலி சட்டென்று அடங்கும். மின் கிட்டாரின் ஒலி ஒலிபெருக்கியின் துணையால் நீண்டு நிற்கும். தந்தியும் மெல்லியது, இழுக்க எளிது. கர்நாடக இசை வாசிக்க வந்தவர்கள் ஏன் மின் கிட்டாரையே எடுத்தார்கள் என்பதற்கு இதுவே விளக்கம். மேடை மோகம் அல்ல, கார்வையின் தேவை.

மேல்நாட்டு வாத்தியம் ஒன்று கர்நாடக இசைக்குள் வருவது இது முதல் முறையும் அல்ல. பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு ஸ்வாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். இரண்டு தலைமுறைக்குள் வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை என்றாயிற்று. வயலினுக்கு மெட்டு இல்லை. பிடிக்கும் முறையையும் சுருதி கூட்டும் முறையையும் மாற்றினாலே போதுமானதாக இருந்தது. கிட்டார் அவ்வளவு எளிதில் வளையவில்லை.

மெட்டோடு போராடியவர்கள்

ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். 1970-களின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவை அமைத்தபோது, ஏப்ரஹாம் வெக்டர் அவருக்காக ஒரு கிட்டார் செய்தார். மெட்டுகளுக்கு நடுவே விரல்பலகை குழிவாகச் சுரண்டப்பட்டிருந்தது. ஒலித்துளையின் குறுக்கே 7 அனுநாதத் தந்திகள் ஓடின. வீணையின் உயர்ந்த மெட்டு தரும் வசதியைக் கிட்டாருக்குள் கொண்டுவந்த வேலை அது. கேள்வியைப் பட்டறை மட்டத்தில் எதிர்கொண்ட அரிய முயற்சி. அது அமெரிக்காவில் நடந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

சென்னையில் 1980-களில் சுகுமார் பிரசாத் மின் கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்தார். ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த ஆர். பிரசன்னா, திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் ஏ. கன்யாகுமரியிடமும் கர்நாடக இசை கற்று, பிறகு பாஸ்டனின் பெர்க்லி கல்லூரியில் ஜாஸ் பயின்றார். மெட்டுள்ள சாதாரண மின் கிட்டாரிலேயே ஜாரு என்னும் வழுக்கலும் இழுப்புமாகக் கமகங்களை எழுப்புவது அவர் சாதனை. வாத்தியத்தை மாற்றாமல் கையை மாற்றிய வழி இது. அதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது: பல்லாண்டுச் சாதகத்தால் மட்டுமே எட்டக்கூடியது என்பதால், பின்தொடர்வோர் குறைவாகவே இருக்கிறார்கள்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி காட்டினார். ஜோடித் தந்திகளை நீக்கி, மின்மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகள் கட்டினார். சிறுவனாக அவர் வாசித்த கச்சேரிகளைக் கேட்ட சென்னை ரசிகர்கள், மெட்டுள்ள மேல்நாட்டு வாத்தியத்தில் ராகம் பேசும் என்பதை ஐயமின்றி ஒப்புக்கொண்டார்கள். அவர் செய்த மாற்றம் சிறியது. ஆனால் அது நிகழ்ந்ததால்தான் அவர் விரல் விடுதலை பெற்றது. கிட்டார்க்காரர்கள் படிக்கவேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

சினிமா தந்த வேறொரு விடை

கமகத்தைக் கிட்டாரிடம் கேட்காமல், கிட்டார் இயல்பாகத் தருவதை ராகத்துக்குக் கொண்டுவந்தது தமிழ்ச் சினிமா. விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்திலேயே பாட்டுக்கடியில் கிட்டார் தாளம் ஓடியது. சென்னையின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலும் கோவாவிலிருந்து வந்த கலைஞர்களிடமும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் வளர்ந்த வாசிப்பு, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்துசேர்ந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையில், 1970-களில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கிட்டாரை முன்னிறுத்தித் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்தார்கள். போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற பைலாத் தாளம் அதற்கு அடித்தளம்.

இளையராஜா கிட்டார் கலைஞராகவே சினிமாவுக்குள் வந்தவர். டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபின் கிட்டாரின் வேலையே மாறிப்போயிற்று. அவருக்கு முன் பெரும்பாலும் கார்டு அடித்துத் தாளம் காத்த கிட்டார், அவரிடம் தனிக் குரலாகப் பேசத் தொடங்கியது. 'மூடுபனி'யிலும் 'பயணங்கள் முடிவதில்லை'யிலும் பாட்டின் முகமே கிட்டார்தான். சதானந்தத்தின் விரல் வாசிப்பும் சசிதரனின் பேஸும் ஒரு தலைமுறையின் காதைப் பழக்கின.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் தீர்க்கப்பட்டிருக்கிறது. கார்டு என்பது மூன்று ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பது. அதில் ஒன்று ராகத்துக்கு அந்நியமானால் ராகம் குலையும். ராகத்துக்குள்ளேயே கிடைக்கும் ஸ்வரங்களைப் பிரித்துப் பிரித்து மீட்டி, பேஸ் கிட்டாருக்குப் பாட்டோடு உரையாடும் தனி ராகவழியைக் கொடுத்தபோது அந்தக் குலைவு நேராமல் போயிற்று. கமகம் பாடகரின் குரலில், சுற்றுப்புறம் கிட்டாரில். பின்னாளில் ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸ் இதே இடத்தை வேறு ஒலியில் நிரப்பியது. தமிழர் காதுக்குக் கிட்டார் வீட்டு வாத்தியமானது மேடையால் அல்ல, பாட்டால்.

மரம் நம்முடையது

வாசிப்பின் கதை இப்படியிருக்க, செய்பொருளின் கதை வேறு. உலகின் நல்ல கிட்டார்கள் பலவற்றின் முதுகும் பக்கங்களும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரியும் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் தாய்நிலம். பிரேசில் தன் மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியதால், மார்ட்டின் நிறுவனம் 1969 முதல் இந்திய ஈட்டிக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். வனப்பொருளின் அருமை கருதித் தமிழ்நாடு 1994-இல் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அந்த மரத்தின் பேரினம் முழுவதையும் 2017-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளித்தார்கள்.

நம் மலையில் வளர்ந்த மரம் பலகையாகப் போய், கிட்டாராகித் திரும்பி வருகிறது. கல்கத்தாவில் கிட்டார் செய்யும் நிறுவனங்கள் உண்டு. கிவ்சன் என்ற பெயர் பல ஊர் மாணவருக்கும் தெரியும். தமிழ்நாட்டிலோ பலாமரத்தில் குடம் குடைந்து மெழுகில் மெட்டு வைக்கும் தஞ்சாவூர் வீணைக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அந்த வீணைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. மெட்டை எவ்வளவு உயர்த்தினால் எவ்வளவு இழுப்பு கிடைக்கும் என்பதைக் கையறிவாக வைத்திருப்பவர்கள் அவர்கள். கிட்டார் செய்வோர் அவர்களோடு உட்கார்ந்து பேசிய மரபு இங்கே உருவாகவில்லை.

காலநிலையும் இதே திசையில் நம்மைத் தள்ளுகிறது. தயாரிப்பாளர்கள் கிட்டாருக்குப் பரிந்துரைக்கும் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு; சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட மிகுதி. மேல்பலகை உப்பும், கழுத்து வளையும், தந்தி பலகையைவிட்டு உயர்ந்து விரல் வலிக்கும். கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பியை முடுக்கிச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் காற்றுக்கென்றே மரம் தேர்ந்து, சட்டம் வைத்து, இந்த ஊரில் செய்த கிட்டார் அரிது.

இனி வேண்டுவது

இதுவரை வந்த விடைகள் நான்கு: வழுக்குதல், கையைப் பழக்குதல், வாத்தியத்தை மாற்றுதல், கமகத்தைக் குரலுக்கு விட்டுச் சூழலை மட்டும் கிட்டார் ஏற்பது. முதலாவதை வடக்கு முழுமையாக்கிவிட்டது. இரண்டாவதையும் நான்காவதையும் நாம் சிறப்பாகச் செய்திருக்கிறோம். மூன்றாவதுதான் நம்மிடம் குறை, நாம் செய்தே ஆகவேண்டியதும் அதுதான்.

அதற்கான கூறுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. குழித்த விரல்பலகை, அகன்று விலகிய தந்திகள், ஸட்ஜ பஞ்சமத்தில் கூட்டிய சுருதி, நீண்ட கார்வை, ஈரக்காற்றைத் தாங்கும் உடல். இவற்றைச் சேர்த்து ஒரு மாதிரியைச் செய்ய, தஞ்சை வீணைப் பட்டறையும் சென்னையின் கிட்டார் பழுதுபார்ப்பவரும் மேடைக் கலைஞரும் ஒன்றாக உட்காரவேண்டும். இசைக் கல்லூரிகள் அதற்கு இடமும் பொருளும் தரவேண்டும். கற்பிக்கும் முறையும் மாறவேண்டும். இன்று கிட்டார் கற்கும் பிள்ளை டிரினிட்டி பாடத்திட்டத்தில் எட்டு நிலை ஏறியும் சரளி வரிசையைத் தொடாமலே போகலாம். வீணை கற்கும் பிள்ளை ஒரு கார்டும் அறியாமல் அரங்கேறலாம். அண்ணா சாலைக்கும் டி.டி.கே. சாலைக்கும் இடையிலான குறுகிய தூரத்தை ஒரே மாணவர் இரு திசையிலும் கடக்கும் வகையில் பாடம் அமைத்தால், வாத்தியத்திடம் என்ன கேட்கவேண்டும் என்பது அவருக்கே விளங்கும்.

ஸ்பெயினின் கிட்டாரை அல்மேரியாத் தச்சர் ஒருவர் செய்தார். அமெரிக்காவின் கிட்டாரை ஜெர்மனியிலிருந்து குடியேறியவர் செய்தார். ஒரு வாத்தியம் ஓர் ஊருக்கு உரியதாவது, அந்த ஊர்க் கைகள் அதைச் செய்யத் தொடங்கும்போதுதான். தமிழ்நாட்டில் வாசிக்கும் கைகள் தயார். செய்யும் கைகளும் மரமும் உண்டு. அவற்றைச் சேர்த்துவைக்கும் பொறுப்பு, இந்த இசையைக் கேட்டு வளர்ந்த நம் எல்லோருடையது.